இடம்புரி நட்டு

எங்கள் ஜீப்பின் இடது பின்சக்கரத்தைக் கழற்றப் போய் இரண்டு ஸ்டட்டை, அதாவது நட்டு ஏறுகிற தண்டை, உடைத்துவிட்டேன். வீல் ஸ்பேனரைப் போட்டு, அதன் பிடியில் நாலடி பைப்பைச் செருகி, உடம்பு முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். நட்டு அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். 'டக்'கென்று ஒரு சத்தம். கழன்றுவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தால், நட்டோடு ஸ்டட்டின் முனையும் சேர்ந்து கையில் வந்திருக்கிறது. துருப்பிடித்துப் போயிருந்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்ததற்குப் போனேன். அதுவும் அப்படியே. மூன்றாவதைத் தொடுமுன் ஏதோ தடுத்தது. கம்பிப் பிரஷ்ஷால் ஸ்டட்டின் முனையைத் தேய்த்துப் பார்த்தேன். எத்தனையோ வருஷத்துப் பெயிண்டுக்கும் துருவுக்கும் அடியில், சின்னதாக ஓர் ஆங்கில 'எல்' எழுத்து குத்தியிருந்தது.

இடது என்பதற்கான எல். அந்தப் பக்கத்து நட்டுகள் எல்லாம் எதிர்த்திசையில் கழலும். நான் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இவ்வளவு நேரமும் இறுக்கியிருக்கிறேன்.

இந்த விஷயத்துக்குத் தமிழில் எவ்வளவு அழகான சொல் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சங்கில் வலம்புரி, இடம்புரி என்று சொல்கிறோமே, அதே சொல்தான். சங்கில் வலம்புரி அபூர்வம். போல்ட்டில் தலைகீழ்: உலகத்துப் போல்ட்டெல்லாம் வலம்புரி, இடம்புரிதான் அபூர்வம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜீப்பில் இடது பக்கச் சக்கரங்கள் இரண்டுக்கும் ஆளுக்கு ஐந்தாகப் பத்து இடம்புரி நட்டுகள். வண்டி முன்னோக்கி ஓடும்போது சக்கரம் சுழலும் திசையில் நட்டு தானாகத் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தக் காலத்தில் அப்படிச் செய்தார்கள். ஸ்பிரிங்கைத் தாங்கும் யு வடிவ ஷாக்கிள்களிலும் சிலவற்றில் ஒரு கால் இடம்புரியாக இருக்கும். தெரியாதவன் கை வைத்தால் உடைவது நிச்சயம்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வில்லிஸ் எம்பி. 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன், 6 வோல்ட் பேட்டரி. போர்க்காலத்தில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் இந்த ஜீப்பைச் செய்து தள்ளினார்கள். அதில் ஒரு பங்கு அஸ்ஸாமிலிருந்து போட்ட லெடோ சாலை வழியாகவும் கப்பல் வழியாகவும் பர்மாவுக்குள் வந்தது. மிச்சினா பக்கம் ரயில் இன்ஜின் இல்லாமல் போனபோது, ஜீப்புக்கு ரயில் சக்கரம் மாட்டித் தண்டவாளத்தில் பெட்டி இழுக்க வைத்தார்கள். போர் முடிந்து படைகள் போய்விட்டன, ஜீப்புகள் இங்கேயே நின்றுவிட்டன. எங்கள் தாத்தா லாரி டிரைவர். 1950களில் பாமோவில் ஒருவரிடமிருந்து இதை வாங்கி ரங்கூனுக்கு ஓட்டி வந்தார். அப்போது பர்மாவில் வண்டிகள் இடது பக்கம் ஓடின. இடது பக்க ஸ்டியரிங் வைத்த இந்த ஜீப்பில் முந்திப் போவது அவருக்குப் பெரும்பாடு. 1970-ல் நாடே வலது பக்கத்துக்கு மாறியது. ஊரில் உள்ள மற்ற கார்களின் ஸ்டியரிங் எல்லாம் தப்பான பக்கமாகிப் போக, தாத்தாவின் ஜீப் மட்டும் சரியான பக்கத்துக்கு வந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் மலரும்.

2011-ல் பழைய வண்டியை அரசிடம் ஒப்படைத்தால் வெளிநாட்டிலிருந்து கார் இறக்க அனுமதிச் சீட்டு கிடைக்கும் என்றார்கள். அக்கம்பக்கத்தில் எத்தனை வண்டிகள் அப்படிப் போய் இரும்புக் குவியலாயின! அப்பா கொடுக்க மறுத்துவிட்டார். தங்லினில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினார். அப்பா போன பிறகு நான் தார்ப்பாயை விலக்கினேன்.

இன்ஜினைப் பிரித்து ரிங் மாற்றியதும், பாடியில் தகரம் வைத்து வெல்டிங் பண்ணியதும் எல்லோரும் எழுதுகிற கதை. அதை விட்டுவிடுகிறேன். எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது போல்ட்டும் நட்டும்தான். ஒரு வண்டியை யார் யார் தொட்டிருக்கிறார்கள் என்று அதன் போல்ட்டுகளைக் கேட்டால் சொல்லும். இந்த ஜீப்பில் கழற்றிய போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவி, பழைய செய்தித்தாளில் பரப்பி வைத்தபோது, பர்மாவின் எழுபது வருஷமும் அந்தத் தாளில் கிடந்தது.

முதல் வகை, அமெரிக்காவில் பிறந்தபோதே இருந்தவை. அறுபது பாகை மரை (போல்ட்டைச் சுற்றி ஓடும் திருகுப் பள்ளம்தான் மரை). தடிமன் இஞ்சுக் கணக்கு. எங்கள் தாத்தா காலத்து மெக்கானிக்குகள் இஞ்சைச் சொல்ல மாட்டார்கள், நூல் என்றுதான் சொல்வார்கள். இஞ்சில் எட்டில் ஒன்று ஒரு நூல். கால் இஞ்ச் போல்ட் ரெண்டு நூல், அதற்கடுத்தது ரெண்டரை நூல், பிறகு மூணு நூல், அரை இஞ்ச் நாலு நூல். ஒவ்வொரு தடிமனிலும் இரண்டு மரை உண்டு: நெருக்கு மரை, அகல மரை. ரெண்டரை நூலில் நெருக்கு மரையென்றால் இஞ்சுக்கு 24 சுற்று, அகல மரையென்றால் 18. இரும்பு நட்டுக்குள் போகும் போல்ட்டுக்கு நெருக்கு மரை; வார்ப்பிரும்பிலோ அலுமினியத்திலோ நேராக இறங்கும் போல்ட்டுக்கு அகல மரை. வார்ப்பிரும்பு பொலபொலவென்று உதிரக் கூடியது, அதில் மெல்லிய மரை நிற்காது.

இரண்டாம் வகை, வெள்ளைக்காரர் விட்டுப்போன விட்வொர்த். 1841-ல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரை, ஐம்பத்தைந்து பாகை, முகடு உருண்டிருக்கும். மூன்றாவது, ஜப்பான்காரரின் மில்லிமீட்டர் போல்ட். போர் நஷ்டஈட்டின் பகுதியாக 1960களில் ஹினோ லாரியும் மஸ்டா வண்டியும் பர்மாவிலேயே பூட்ட ஆரம்பித்தார்கள். அதோடு மில்லிமீட்டர் போல்ட்டும் ஸ்பேனரும் எல்லாப் பட்டறைக்குள்ளும் நுழைந்தன. நான்காவது, பிறகு வந்த மலிவான போல்ட்டுகள். மேலே பளபள, உள்ளே மண்.

எல்லாவற்றையும் கலந்து இந்த ஒரே வண்டியில் போட்டிருந்தார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாமான் கிடைக்காத காலம். வண்டி ஓடியாக வேண்டும், அன்றைக்கு அடுப்பு எரிய வேண்டும். ஆனால் அந்தக் கலவையை அப்படியே விட்டால் அடுத்தவன் கையில் இன்னும் சேதமாகும்.

கலவை எப்படிச் சேதம் செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ரெண்டரை நூல் போல்ட்டின் தடிமன் 7.94 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் போல்ட் 8. கையில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தலையும் அப்படித்தான்: ஒன்றுக்கு அரை இஞ்ச் ஸ்பேனர், அதாவது 12.7, மற்றதற்கு 13. பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் அரை இஞ்ச் தலையில் கச்சிதமாக உட்கார்ந்ததுபோல்தான் இருக்கும். பலம் கொடுத்தால் மூலை வழுக்கும். ஒருமுறை வழுக்கினால் தலை உருண்டுவிடும், பிறகு பைப் ரெஞ்சும் உளியும்தான். அகல மரைத் துளைக்குள் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டைக் கையால் திருகினால் இரண்டு சுற்று சுகமாகப் போகும். மூன்றாவது சுற்றில் பிடிக்கும். ஏனென்றால் இஞ்சு மரையில் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.41 மில்லிமீட்டர், மற்றதில் 1.25. அந்த இடத்தில் ஸ்பேனரை எடுப்பவன்தான் துளையைக் கொல்கிறான். போல்ட் உள்ளே போய்விடும், இறுகவும் இறுகும். ஆனால் துளைக்குள் இருந்த மரை அரைபட்டுப் போயிருக்கும்.

விட்வொர்த் இன்னும் நயமாக ஏமாற்றும். மூணு நூல் விட்வொர்த்துக்கும் மூணு நூல் அமெரிக்க அகல மரைக்கும் இஞ்சுக்கு அதே 16 சுற்று. கடைசி வரை கையாலேயே போய்விடும். கியர்பாக்ஸ் பக்கம் ஒரு போல்ட் அடிக்கடி தளர்ந்து எண்ணெய் கசிந்தது. மூன்று தடவை இறுக்கினேன். பிறகு கழற்றி அமெரிக்க மரை அளக்கும் தகடு ஒன்றை அதன்மேல் வைத்து, கொட்டகை வாசலில் வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். பற்கள் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆனால் தகட்டுப் பல்லுக்கும் போல்ட்டின் பள்ளத்துக்கும் நடுவே தலைமயிர் கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. ஐந்து பாகை வித்தியாசம் என்பது அந்தக் கீற்று வெளிச்சம்தான். பல்லோடு பல் முழுதாகப் பொருந்தாமல் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அது எப்படித் தாங்கும்?

தாமுவேயில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் அதை எடுத்துப் போனேன். எண்பதை நெருங்குகிறார். எங்கள் சொந்தம் இல்லை, ஆனால் மூன்று தலைமுறையாக மாமாதான். பர்மியப் பையன்கள் அவரை 'சயா', அதாவது வாத்தியார், என்று கூப்பிடுவார்கள். போல்ட்டை வாங்கி, கட்டைவிரல் நகத்தை மரைமேல் ஓட்டிப் பார்த்தார். அளக்கும் தகடு அவருக்குத் தேவைப்படவில்லை.

"இது வெள்ளைக்காரன் மரை தம்பி. முகடு உருண்டு நகத்துக்கு வழுவழுன்னு இருக்கு பாரு. அமெரிக்கன்காரன் மரை நகத்தைப் பிடிக்கும்."

நானும் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

தண்ணீர்ப் பம்பு உட்காரும் இடத்தில் இன்ஜின் பிளாக்கில் ஒரு துளை, எட்டு மில்லிமீட்டர் போல்ட் அறைந்து நாசமாகியிருந்தது. இன்னும் பெரிய துளை போட்டு மூணு நூல் போல்ட் வைத்துவிடலாமா என்று கேட்டேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மாமாவுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. "இன்னிக்கு மூணு நூல். நாளைக்கு அதுவும் போனா மூணரை. அப்புறம் பிளாக்குல இரும்பு எங்க இருக்கும்? போல்ட்டை மாத்து, ஓட்டையை மாத்தாதே." சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கையிடம் சொல்லி ஹெலிகாயில் வரவழைத்தேன். துருப்பிடிக்காத கம்பியில் செய்த ஸ்பிரிங் சுருள். கெட்ட துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்று உள்ள டேப்பால் மரை வெட்டி, சுருளை உள்ளே திருகி இறக்கினால், சுருளின் உட்புறம் பழைய ரெண்டரை நூல் மரையாகவே இருக்கும். போல்ட் மாற வேண்டியதில்லை. பழைய வண்டியில் கை வைக்கிற யாரும் இந்தச் சுருளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உடைந்த ஸ்டட்டுக்கு வருகிறேன். மாமாவிடம் இடம்புரியில் இரண்டு ஸ்டட் கடைந்து தரச் சொன்னேன். நாலு நூல், இஞ்சுக்கு 20 மரை. லேத்தில் இடம்புரி வெட்டுவது அவருக்குக் கஷ்டமான வேலை இல்லை. ஆனாலும் முடியாது என்றார்.

"கேட்டுக்குக் கொக்கி கேளு, தர்றேன். சக்கரத்துக்கு நான் வெட்டித் தர மாட்டேன்."

ஏன் என்று கேட்டதற்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்துச் சொன்னார். கம்பெனியில் மரையை வெட்டுவதில்லை, இரண்டு அச்சுக்கு நடுவே உருட்டி அழுத்தி எடுக்கிறார்கள். அப்போது இரும்பின் நார் மரையோடு வளைந்து வளைந்து போகும். லேத்தில் வெட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் நார் அறுபடும். விரிசல் அங்கேதான் பிறக்கும். போதாததற்கு, இங்கே கிடைக்கும் கம்பி என்ன உருக்கு என்று அவருக்கே தெரியாது. "ரோட்டில் பிள்ளைங்க போகுது தம்பி" என்றார். வருகிற காசை வேண்டாமென்று சொன்ன அந்தக் கிழவர்மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்கு இரண்டு மடங்கானது.

ரங்கூன் பழைய இரும்புக் கடைகளில் மூன்று மாதம் தேடினேன். அங்கே போல்ட்டை எண்ணி விற்பதில்லை, விஸ் கணக்கில் நிறுத்துத் தருவார்கள். ஒரு விஸ் 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பெயர் நம்முடைய வீசைதான், எடை மட்டும் கொஞ்சம் கூட. கூடையைக் கவிழ்த்து மணிக்கணக்கில் பொறுக்குவேன். இடம்புரி கிடைக்கவில்லை. ஆனால் வேறு ஒரு புதையல் கிடைத்தது: தலையில் 'எஃப்' எழுத்துப் பொறித்த ஏழு போல்ட்டுகள். ஃபோர்டு கம்பெனி தான் செய்த ஜீப்புகளின் போல்ட் தலைகளில்கூடத் தன் எழுத்தைப் பொறித்தது. என் வண்டி வில்லிஸ். முன்பக்கம் சேஸிஸின் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருப்பதே அதற்கு அடையாளம், ஃபோர்டில் அது சதுரப் பெட்டி மாதிரி இருக்கும். அதனால் அந்த ஏழையும் நான் போடவில்லை. மோல்மேனில் ஃபோர்டு ஜீப்பை வைத்துப் பாடுபடும் ஒரு நண்பருக்கு அனுப்பினேன். அது போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

இடம்புரி ஸ்டட் கடைசியில் சென்னையிலிருந்து வந்தது. 1940களின் கடைசியிலிருந்தே மஹிந்திரா இந்தியாவில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டியும் பிறகு செய்தும் வந்ததால், அந்த மரையெல்லாம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. மைத்துனர் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினார். பத்துக் கடையில் இல்லை என்றார்களாம். பதினோராவது கடையில் ஒரு பெரியவர் கேள்வி கேட்காமல் உள்ளே போய், எண்ணெய்த்தாளில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து வந்தாராம். பத்து ஸ்டட், பத்து நட்டு. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னபோது, "ஜீப் சக்கரத்துக்கு" என்று மைத்துனர் சொன்னதும், சோதித்த அதிகாரி ஒன்றைக் கையில் எடுத்து நட்டைத் திருகிப் பார்த்து, "இது ஏன் தலைகீழாகச் சுத்துது?" என்று கேட்டாராம்.

மாற்றுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த ஜீப்பில் ஸ்டட்டைச் சக்கரம் உட்காரும் ஹப்போடும் பிரேக் டிரம்மோடும் சேர்த்து அறைந்து உதட்டை விரித்துவிட்டிருப்பார்கள். பழையதைச் சுத்தியலால் தட்டி வெளியேற்றுமுன் அந்த விரிந்த உதட்டைச் சீவி எடுக்க வேண்டும். சீவாமல் தட்டினால் ஹப்பின் துளை பெருத்து, புது ஸ்டட் ஆடும். உடைந்த இரண்டை மட்டும் மாற்றலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பத்தையும் மாற்றினேன். எனக்கு முன் யாராவது தப்பான பக்கம் முறுக்கியிருந்தால் மற்றவை எந்த அளவு இழுபட்டிருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இழுபடுவது என்றால் என்ன என்பதை விரலில் உணர்ந்தது இன்னொரு போல்ட்டில். ஸ்டியரிங் பெட்டியைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகளை, காளி கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் புதிதாக வாங்கினேன். தலையில் மூன்று கோடு. இஞ்சு போல்ட்டில் மூன்று கோடு என்றால் கிரேடு ஐந்து, ஆறு கோடு என்றால் கிரேடு எட்டு; கிரேடு ஏற ஏற பலம் கூடும். இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்கிக்கொண்டு வந்தேன். போல்ட் உண்மையில் ஒரு ஸ்பிரிங்தான். இறுக்க இறுக்க அது மயிரிழை நீளும், நீண்டது சுருங்கப் பார்க்கும், அந்தச் சுருங்கும் பலம்தான் இரண்டு சாமானைப் பிடித்து வைக்கிறது. நல்ல போல்ட் கடைசிக் கால் சுற்றில் கைக்குக் கடினமாகிக்கொண்டே வரும். இதுவோ பாதியில் இளகியது. கை சுற்றுகிறது, எதிர்ப்பு ஏறவில்லை. பாகில் கரண்டியைச் சுழற்றுகிற மாதிரி. உடனே நிறுத்திக் கழற்றினேன். மரைக்கு மேலே கழுத்து மெலிந்திருந்தது. அரம் வைத்தால் வெண்ணெய் மாதிரிச் சீவியது. மூன்று கோடு பொய். நான் அந்தக் கை உணர்வைத் தவறவிட்டிருந்தால், அந்தப் பொய் என்றைக்காவது பெகு சாலையில் வெளிவந்திருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. அன்றிலிருந்து எங்கே வாங்கினாலும் ஒரு போல்ட்டை பலி கொடுத்துச் சோதித்த பிறகுதான் மற்றதை வண்டியில் போடுகிறேன்.

டார்க் ரெஞ்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் கொடுக்கும் பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. மீதி தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகப் போகிறது. அதனால் புத்தகத்தில் எண்ணெய் இல்லாமல் என்று போட்டிருந்தால், எண்ணெய் தடவிவிட்டு அதே எண்ணுக்கு இறுக்காதீர்கள். உராய்வு குறைந்த அளவுக்கு போல்ட் அதிகமாக இழுபட்டுவிடும்.

இங்கே மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை மழை. எல்லாவற்றையும் துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டாக மாற்றிவிடு என்று பலர் சொன்னார்கள். நான் போடவில்லை. சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு நல்ல உருக்குப் போல்ட்டின் பலம் இல்லை. இறுக்கும்போது நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு வராமலும் போகும். சைலன்ஸர் பக்கம் மானிபோல்டுக்குப் பித்தளை நட்டு போட்டேன். சூட்டில் அது ஸ்டட்டோடு ஒட்டாது. நைலான் வளையம் வைத்த நட்டு அங்கே ஆகாது, 120 டிகிரிக்கு மேல் நைலான் தாங்காது. பிடித்துப்போன பழைய நட்டுக்கு மாமா சொன்ன வைத்தியம் மெழுகுவர்த்தி. நட்டைக் கேஸ் தீயில் காட்டி, சிவக்குமுன் எடுத்து, மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் தொட வேண்டும். மெழுகு உருகி, சூட்டோடு மரைக்குள் இழுபட்டுப் போவது கண்ணுக்குத் தெரியும். ஒரு நிமிஷம் பொறுத்துத் திருப்பினால், முனகிக்கொண்டே கழலும். எனக்குப் பத்தில் எட்டு கழன்றது.

போன தை மாதம் சக்கரங்களைப் பூட்டினோம். மாமாவை ஆட்டோவில் கூட்டி வந்திருந்தேன். வலது பக்கத்தை நான் பூட்டினேன். இடது பக்கத்துக்கு என் மகள் வந்தாள், வயது பதினொன்று. முதல் நட்டைக் கையில் எடுத்து, பழக்கதோஷத்தில் வலது பக்கம் திருப்பினாள். அது ஏறவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்குமுன் மாமா கையைக் காட்டி நிறுத்தினார். அவள் நட்டைத் திருப்பி உள்ளே பார்த்தாள், ஸ்டட்டின் முனையைத் தடவிப் பார்த்தாள், பிறகு மெல்ல இடது பக்கம் சுற்றினாள். விரலாலேயே கடைசி வரை போனது.

ஐந்தையும் அவளே கையால் ஏற்றினாள். ஸ்பேனரில் நான் இறுக்கினேன், ஒன்றுவிட்டு ஒன்றாக. அதன்பின் வெள்ளைப் பெயிண்டும் பிரஷ்ஷும் எடுத்து, இடது பக்கச் சக்கரங்கள் இரண்டிலும் 'இடம்புரி' என்று தமிழில் எழுதினேன். அதற்குக் கீழே பர்மிய மொழியிலும் எழுதச் சொல்லி மாமாவிடம் பிரஷ்ஷைக் கொடுத்தேன். அவர் கை நடுக்கத்தில் எழுத்து கொஞ்சம் வளைந்திருக்கிறது. அதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.